ஆறடிக் கூண்டு

தெய்வசிகாமணி மேஸ்திரி அந்த மடத்துக்கு ஞானம் தேடிப் போனவர் அல்ல. கூரை ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கூப்பிட்டார்கள், போனார். ஓடுகளை மாற்றிவிட்டு இறங்கி வந்து தண்ணீர் கேட்டார். சொம்போடு வந்து நின்றவர்தான் குரு. அன்றிலிருந்து மூன்று வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருக்கிறார்.

குருவின் பெயர் பூங்கோதை. வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்து நாலு. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "உங்க மக வயசு இருக்கும். அவங்க கால்லயா போய் விழறீங்க?" என்று கேட்டால், "நான் விழறதுக்குத் தயார்தானுங்க, அவங்கதான் விடறதில்லை" என்பார் மேஸ்திரி. கேட்டவர் அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது.

மூன்று வருஷமும் அவர் கேட்டதெல்லாம் பெரிய பெரிய கேள்விகள். வினை தீருமா, செத்த பிறகு என்ன, மனசு எங்கே இருக்கிறது. குரு பாதிக்கு மேல் "தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வார். அந்த வியாழக்கிழமை கேட்டது மட்டும் வேறு மாதிரி.

"அம்மா, குருவிக்கு எந்த மாதிரி வீடு நல்லதுங்க?"

"குருவி அதுவே கட்டிக்குமே."

"இது வீட்டுல வளர்க்கிறதுங்க. லவ் பேர்ட்ஸ். மருமக கொண்டு வந்ததுங்க, பட்ஜின்னு சொல்லுவா. ரெண்டு இருக்குது. ஒண்ணு செத்துப் போயிரும் போல இருக்குதுங்கம்மா."

இருநூறு வீடு கட்டிய ஆள், ஒரு குருவிக்காக மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மருமக குருவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் குரு.

மேஸ்திரி சொன்னார். முழுசாகச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. சுருக்கம் இவ்வளவுதான்.

மகன் லோகேஸுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டின் மேலே இரண்டு தளம் எழுப்பினார். கதவு, ஜன்னல், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் மனையடி சாஸ்திரக் கணக்குப்படி. மருமகள் சுபாஷிணி வந்தாள். கூடவே பட்டாணி என்று ஒரு பச்சைக் குருவியும், சொட்டுநீலம் என்று ஒரு நீலக் குருவியும் வந்தன. ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் அவள் தன் அறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டாள். படுத்தபடி ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆசை. தலை வடக்கே வந்துவிட்டது.

"வடக்கே தலை வைக்கலாமுங்களா? ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் திருப்பூர் போயிருந்தாங்க. நான் ரெண்டு ஆளைக் கூட்டிட்டுப் போய் சரியாத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அவங்க அறைக்குள்ள?"

"நான் கட்டின அறைதானுங்களே."

குரு அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

அதற்குச் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை என்று அவர் மனைவி ருக்குமணி இன்றைக்கும் சொல்வாள். அடுத்த மாதமே மகனும் மருமகளும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரர் பறவை, பிராணி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கங்க மாமா" என்று சுபாஷிணி குருவிகளை விட்டுவிட்டுப் போனாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வருவாள். லோகேஸ் தெருமுனையில் இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொள்வான். அவள் கூண்டைச் சுத்தம் செய்வாள், குருவிகளோடு பேசுவாள், அத்தை கையால் காப்பி வாங்கிக் குடிப்பாள், பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவாள். நாலு மாதமாக அந்த ஒன்றரை மணி நேரம்தான் மேஸ்திரிக்கு வாரம்.

"குருவி இருக்கிறதால அவ வர்றா. குருவி போயிருச்சுன்னா அவ எதுக்குங்க வருவா?"

அதுதான் விஷயம். அதைச் சொல்லிவிட்டு மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினேன். நோய் ஒண்ணும் இல்லை, இடம் ஒத்துக்கலை போல இருக்குதுங்கறார். அதெப்படிங்க ஒத்துக்காமப் போகும்? கடையில வாங்கின சின்னக் கூண்டு வேண்டாம்னு நானே பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கேன்."

"நாளைக்குக் குருவியைக் கொண்டு வாங்க. கூண்டும் வரட்டும்."

குருவிகள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் மேஸ்திரி மடியில் வந்தன. கூண்டு வருவதற்குக் குட்டியானைச் சரக்கு வண்டி வைக்க வேண்டியிருந்தது.

வண்டியிலிருந்து நாலு பேர் அதை இறக்கினார்கள். ஆறடி உயரம், இரண்டடி நீளம், இரண்டடி அகலம். உள்ளே இரண்டு தட்டு, ஆக மூன்று மாடி. மாடிக்கு மாடி சின்ன ஏணி. உச்சியில் பித்தளைக் கலசம். அதுவரை எந்தக் குருவிக்கும் யாரும் கலசம் வைத்திருக்க மாட்டார்கள். கம்பி இடைவெளி மட்டும் அரை அங்குலம் பிசகாமல் இருந்தது. குருவித் தலை மாட்டாது. மேஸ்திரி கை அல்லவா.

"ஆறடி எதுக்குங்க?" என்று கேட்டார் குரு.

"மனையடிக் கணக்கே ஆறடியிலதானுங்க ஆரம்பிக்குது. அதுக்குக் கீழே பலனே கிடையாது. அகலத்துல ஆறடி விட்டா நடக்க வழியிருக்காது. அதனால உயரத்துல விட்டேன். ஏழு ஆகாது, அதனால ஆறோட நிறுத்திட்டேன்."

"பால் காய்ச்சினீங்களா?"

கேலியா இல்லையா என்று மேஸ்திரிக்குப் புரியவில்லை. "காய்ச்சினேனுங்க" என்றார். ருக்குமணி அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"பார்க்க ரொம்ப நல்லா இருக்கு" என்றார் குரு. அதோடு சரி. கூண்டை வாசலிலேயே நிற்கவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

மலையடிவாரம் என்பதால் மடத்தில் குரங்குத் தொல்லை அதிகம். சாப்பாட்டுக் கூடத்தின் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்திருந்தார்கள். குரு மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தூணுக்குத் தூண் இரண்டு கொய்யாக் கொம்புகளைக் கட்டச் சொன்னார். தினையையும் தண்ணீரையும் மேடைமேல் வைத்தார். பெட்டியைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மடத்தில் பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கு வேப்பமரத்தடியில்தான் இலை.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்த மூலையில உட்கார்ந்து பாருங்க."

"எவ்வளவு நேரமுங்க?"

"நீங்க இருக்கறதை அதுங்க மறக்கிற வரைக்கும்."

மேஸ்திரி உட்கார்ந்தார். சும்மா உட்காருவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பட்டாணி தரையில் உடம்பை உப்பவைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தது. நெஞ்சுப் பக்கம் இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கி ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. சொட்டுநீலம் தயங்கித் தயங்கி ஒரு கொம்பில் போய் உட்கார்ந்தது. அந்தக் கொம்பு ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. வெளிச்சத்துப் பக்கமாக நகர்த்திக் கட்டினால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. எழுந்தார். கொம்பில் கை வைத்தார். நீலம் அலறிக்கொண்டு போய் வலையில் மோதியது.

கதவுக்கு வெளியிலிருந்து குருவின் குரல் வந்தது. "உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாடு கதவிடுக்கு வழியாக வந்தது. கால் மரத்துப்போயிற்று. நீட்டினார், மடக்கினார். இடையில் கண்ணசந்துவிட்டார். விழித்துப் பார்த்தபோது நீலம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தது. சிறகு காற்றில் படபடக்கிற சத்தம். நாலு மாதமாக அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் பட்டாணியும் தரையை விட்டு எழும்பியது. பாதி தூரம்தான் போக முடிந்தது. ஆனாலும் போயிற்று.

மேஸ்திரிக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினால் குருவி பயந்துவிடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் குரு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணுகூட நெட்டுக்குத்தலா மேலே ஏறலைங்க. நீளவாக்குலதான் போகுது, வருது. நான் நீளமே வைக்கலை."

"அப்புறம்?"

"வழவழன்னு ஒரே தடிமன்ல கம்பி போட்டிருந்தேன். அதுங்களுக்குக் கோணல் மாணலாக் கொம்பு இருந்தாத்தான் கால் பிடிக்குது. மேடைமேல இருக்கிற தினையைத்தான் கொத்துது, தரையில சிந்தினதுக்கு இறங்கறதுக்கு யோசிக்குது. நான் போடறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னு கீழ் மாடியில வச்சிருந்தேன். மேல் மாடியிலயே உட்கார்ந்து பட்டினி கிடந்திருக்குதுங்க."

"அப்புறம்?"

மேஸ்திரி யோசித்தார். "இந்தக் கொம்புதான் நல்ல கொம்புன்னு நான் நினைச்சேன். அதுங்க ரெண்டும் அந்தக் கோணக் கொம்புலயே போய் உட்காருது. ஏன்னு தெரியலைங்க."

"தெரிஞ்சாகணுமா?"

அவரிடமிருந்து வந்த பதில் வேறு. "இப்பவே போய்ப் புதுசா ஒண்ணு செஞ்சுடறேனுங்க. நாலடி நீளம் இருந்தாப் போதும். கணக்குல வராது, பரவாயில்லை."

"புதுசு எதுக்குங்க? இதையே படுக்க வையுங்க."

மேஸ்திரி திரும்பி வாசலைப் பார்த்தார். கலசத்தோடு கூண்டு நெட்டையாக நின்றுகொண்டிருந்தது.

"கோபுரத்தையா படுக்க வைக்கறதுங்க?"

"கூண்டைத்தானே சொன்னேன்."

"உள்ள இருக்கிற தட்டு ரெண்டும் சுவராயிடுமுங்களே."

"எடுத்துருங்க."

"வாசல் கிழக்க பார்க்காதுங்க. ஆகாசத்தைப் பார்க்கும்."

"அதுங்களுக்குச் சந்தோசம்தான்."

நாலு பேர் வந்து கூண்டைச் சாய்த்தார்கள். சாயும்போது மேஸ்திரி ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தட்டுகளை அவரே அறுத்தெடுத்தார். கலசத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். படுத்த கூண்டு பார்க்க ஒரு லட்சணமாகவும் இல்லை. கோழிக் கூண்டுக்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அதை இரண்டு மேசைமேல் தூக்கி வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சுபாஷிணி வந்தாள். கூண்டைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கிட்டப் போய் வெகுநேரம் நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லும்மா."

"அந்த மண்பானையை எடுத்துரலாமா? பானை இருந்தா பட்டாணி முட்டை வச்சுக்கிட்டே இருக்கும். உடம்பு தாங்காது."

பானை அவர் ஆசையாக வாங்கி மாட்டியது. எந்தக் குருவிக் கூண்டிலும் பானை இருக்கும். மேஸ்திரிக்கு நாக்கு நுனி வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. விழுங்கினார்.

"எடுத்துரும்மா."

அவள் எடுத்தாள். அந்த வீட்டில் அவளாக ஒரு பொருளை இடம் மாற்றி, அது மாற்றின இடத்திலேயே இருந்தது அன்றைக்குத்தான்.

"சமையல்கட்டுக்குப் பக்கத்துல இருக்குது மாமா. தாளிக்கிற புகை அதுங்களுக்கு ஆகாது."

"எங்க வைக்கலாம், சொல்லு."

சொன்னாள். மூன்று பக்கமும் குளிர்காற்று அடிக்காத, காலை வெயில் ஓரமாக விழுகிற ஒரு சுவரோரம். அவர் கணக்குப்படி பாரம் வைக்கக்கூடாத மூலை அது. தட்டுகள் போய் இலேசாகிவிட்ட கூண்டை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவளுமாகத் தூக்கிப்போய் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டாணியின் நெஞ்சில் புது இறகு முளைவிட்டிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அவள் அத்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத்தான் கிளம்பினாள். டீக்கடையிலிருந்து லோகேஸ் மூன்று தடவை போன் செய்துவிட்டான். நாலாவது தடவை ருக்குமணி போனை வாங்கி, "உனக்கும் எலை போட்டிருக்குதுடா" என்றாள். அவன் வரவில்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை.

மேஸ்திரி மறுநாளே மாடியறையைப் பெருக்கித் துடைக்க ஆள் கூப்பிட்டார். கட்டிலைக்கூட மறுபடியும் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். ருக்குமணி அதைப் பார்த்துவிட்டு, "இப்பவும் நீங்கதான் திருப்பறீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சுபாஷிணி முகமெல்லாம் சிரிப்போடு வந்தாள்.

"மாமா, வேற வீடு கிடைச்சிருச்சு. வீட்டுக்காரம்மா பறவை இருந்தாப் பரவாயில்லைங்கறாங்க. வர்ற புதன்கிழமை சாமான் ஏத்தறோம். அடுத்த ஞாயிறு கூண்டோட எடுத்துக்கறோம்."

"சரிம்மா" என்றார் மேஸ்திரி. வேறு என்ன சொல்ல முடியும்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குருவிகள் இரண்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகச் சந்தோஷமாகப் பறந்துகொண்டிருந்தன. அவற்றின்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வியாழக்கிழமை மடத்துக்குப் போனார். குரு கிணற்றடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"குருவி எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது. அதுதான் தொந்தரவே." நடந்ததைச் சொன்னார். "நானே பொழைக்க வச்சு நானே தூக்கிக் குடுக்கணுமாட்ட இருக்குது. குடுக்க மாட்டேன்னு சொல்லிரலாமான்னு பார்க்கறேன். எனக்காக இல்லைங்கம்மா. குருவிக்காக."

"குருவிக்கு என்ன?"

"அந்த வீடு இதுக்குத் தோதுப்படாதுங்க. ரெண்டே அறையாம். ஆறடிச் சுவர் எங்க இருக்கப் போகுது? வெளிச்சம் எப்படியோ, காத்து எப்படியோ. சமையல் புகை வேற. மறுபடியும் இறகைப் பிடுங்கிக்கிட்டு உட்கார்ந்துச்சுன்னா?"

"நீங்க அந்த வீட்டைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. அவ சொன்னதுதான்."

"முன்னாடி இருந்த வாடகை வீடு?"

"அதையும் பார்க்கலை."

"தூரமோ?"

"எங்க வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் இருக்குமுங்க." மேஸ்திரி கிணற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் கட்டின வீட்டை விட்டுட்டுப் போனாங்க. அவங்கதானே வரணும்?"

"அஞ்சு மாசமா வந்தாங்களே."

குரு ஒரு சேலையின் நுனியை அவரிடம் கொடுத்தார். இருவருமாகப் பிடித்து உதறிக் கயிற்றில் போட்டார்கள்.

"குருவி போய்ட்டா அவ இனிமே ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாங்கம்மா" என்றார் மேஸ்திரி. இதைச் சொல்லத்தான் அவர் வந்ததே.

"ஆமாங்க. இனி நீங்க போகணும்."

"நான் போயி?"

"குருவியைப் பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. இத்தனை நாளும் அவங்க அப்படித்தானே சொன்னாங்க."

மேஸ்திரி கயிற்றில் கிடந்த சேலையின் சுருக்கத்தை நீவினார். பிறகு, தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே உண்மையை ஒளிக்காமல் சொன்னார்.

"போனா என் கண்ணு சும்மா இருக்காதுங்கம்மா. அடுப்பு எங்க இருக்குது, கட்டில் எங்க இருக்குதுன்னு தேடும். தப்பா இருந்தா வாய் நிக்காது. அப்புறம் அந்த வீட்டுக் கதவும் எனக்குச் சாத்திரும்."

குரு வாளியைக் கவிழ்த்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு எத்தனை இருந்தாலும் வியாழக்கிழமை வந்து என்கிட்டச் சொல்லுங்க ஐயா. ஒண்ணு விடாமக் கேட்டுக்கறேன்."